வெள்ளை வவ்வால் மீனும் கருப்பு வவ்வால் மீனும் உறவா? மைட்டோகாண்ட்ரிய மரபணுத்தொகுதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் விலங்கியல் படிக்கும் பிள்ளைகள் முதுகலை ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடும்போது கேட்கும் கேள்விகள்தான் இதில் பெரும்பகுதி. சில கேள்விகள் முதுநகர் துறைமுகத்திலும் தேங்காய்த்திட்டிலும் மீன் ஏலம் நடக்கும் இடத்தில் வந்தவை. அதனால் முடிந்தவரை நம் கடற்கரை உயிர்களை வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

மைட்டோகாண்ட்ரிய மரபணுத்தொகுதி என்பது என்ன?

செல்லின் உட்கருவுக்கு வெளியே, ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தனியாக ஒரு சிறிய டிஎன்ஏ இருக்கிறது. பெரும்பாலான விலங்குகளில் அது ஒரு மூடிய வளையம். மனிதனுடைய வளையத்தின் நீளம் 16,569 கார இணைகள், அதாவது டிஎன்ஏவின் எழுத்து ஜோடிகள். கேம்பிரிட்ஜ் ஆய்வகம் ஒன்று 1981இல் அதை முழுதாகப் படித்து வெளியிட்டது. உட்கருவில் இருப்பதோ 300 கோடிக்கு மேல்.

அந்தச் சின்ன வளையத்தில் 37 மரபணுக்கள் இருக்கின்றன. 13 புரதங்களுக்கானவை, 22 கடத்து ஆர்என்ஏவுக்கானவை, 2 ரைபோசோம் ஆர்என்ஏவுக்கானவை. மத்தி, இறால், ஆமை, மாடு எதை எடுத்தாலும் அநேகமாக இதே 37தான். மத்தியில் உள்ள ஒரு மரபணுவுக்கு நேரான மரபணு இறாலில் எது என்று தேடி அலைய வேண்டியதில்லை. பரிணாம உறவைப் படிக்க இது பெரிய வசதி.

உட்கருவில் அவ்வளவு செய்தி இருக்கும்போது இந்த வளையத்தை ஏன் பார்க்க வேண்டும்?

முதல் காரணம் எண்ணிக்கை. ஒரு செல்லில் உட்கரு டிஎன்ஏ இரண்டே படிகள். மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ நூற்றுக்கணக்கில், சில செல்களில் ஆயிரக்கணக்கில் இருக்கும். அதனால் கெட்டுப்போன மாதிரியிலும் அது மிஞ்சுகிறது. குவாகா என்ற வரிக்குதிரை வகையின் கடைசி உயிர் 1883இல் ஆம்ஸ்டர்டாம் விலங்குக்காட்சி சாலையில் இறந்தது. அருங்காட்சியகத்தில் கிடந்த குவாகாத் தோல் ஒன்றிலிருந்து 1984இல் எடுத்துப் படித்தது மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவின் துண்டுகளைத்தான். அழிந்துபோன ஓர் உயிரின் டிஎன்ஏவை முதன்முதலில் படித்தது அப்போதுதான். அது வரிக்குதிரைகளோடு நெருங்கியது என்று அந்தத் துண்டுகளே காட்டின.

இரண்டாவது, இது அநேகமாகத் தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. அப்பா பக்கத்து டிஎன்ஏவோடு கலந்து வெட்டி ஒட்டப்படுவதில்லை. எனவே வரலாறு ஒரே கோடாக இருக்கும். சில சிப்பி இனங்களில், குறிப்பாக மட்டி வகைகளில், ஆண் குஞ்சுகளுக்குத் தந்தையின் வளையமும் போகிறது; அது விதிவிலக்கு.

மூன்றாவது, பாலூட்டிகளில் இது உட்கரு டிஎன்ஏவைவிடப் பல மடங்கு வேகமாக மாறுகிறது. அண்மையில் பிரிந்த இனங்களைக்கூடத் தனித்தனியாக அடையாளம் காண முடிகிறது.

சிஓஐ பார்கோடு எடுத்தால் போதாதா? முழு வளையம் எதற்கு?

கேள்வி எதுவோ அதைப் பொறுத்தது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹீபர்ட் குழு 2003இல் இனத்தை அடையாளம் காண முன்வைத்த பார்கோடு, அந்த 13 புரத மரபணுக்களில் ஒன்றான சிஓஐயில் ஏறக்குறைய 650 கார இணை நீளத் துண்டு. 'இந்தக் கருவாடு எந்த மீன்?' என்று கேட்டால் அந்தத் துண்டு போதும். 'இந்த மீன் குடும்பமும் அந்த மீன் குடும்பமும் எப்போது, எந்த வரிசையில் பிரிந்தன?' என்று கேட்டால் போதாது. 650 எழுத்தில் கோடிக்கணக்கான ஆண்டுக் கிளைகளைப் பிரித்துச் சொல்லும் அளவுக்கு மாற்றங்கள் தங்கியிருக்காது.

ஒரு துண்டை மட்டும் வைத்து இனங்களின் மரத்தை, அதாவது உறவைக் காட்டும் கிளைப்படத்தை வரைந்து, அதைப் 'பரிணாம உறவு' என்று தலைப்பிட்டுச் சமர்ப்பிக்கும் பழக்கம் நம் பக்கம் அதிகம். கிளையை எவ்வளவு நம்பலாம் என்று நூற்றுக்குக் காட்டும் பூட்ஸ்ட்ராப் மதிப்பு, அந்த மரத்தின் அடிக்கிளைகளில் 30, 40 என்று நிற்கும். யாரும் அதைக் கவனிப்பதில்லை. அடையாளம் காண்பது ஒரு வேலை, உறவு சொல்வது வேறு வேலை. இரண்டாவது வேலைக்கு 13 புரத மரபணுக்களாவது வேண்டும்.

சரி, வெள்ளை வவ்வாலும் கருப்பு வவ்வாலும் உறவா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பெயர் ஒன்று, தட்டையான உடல் ஒன்று, சந்தையில் பக்கத்துப் பக்கத்துக் கூடை. ஆனால் இரண்டும் வேறு வேறு பெருங்கிளைகளைச் சேர்ந்தவை.

ஜப்பானில் மசாகி மியா குழு 2003இல் உயர்நிலை எலும்பு மீன்கள் 100இன் முழு மைட்டோகாண்ட்ரியத் தொகுதிகளை வைத்து ஒரு மரம் வரைந்தது. மீன் பரிணாம ஆய்வில் அது ஒரு திருப்புமுனை. அதே குழு 2013இல் சூரை, வஞ்சிரம், கானாங்கெளுத்தி அடங்கிய குடும்பத்தின் உறவினர்கள் யார் என்று தேடியது. கிடைத்த குழுவில் 15 குடும்பங்கள். அதுவரை அவை 6 வேறு வேறு துணைவரிசைகளில் சிதறிக் கிடந்தவை. அந்தக் குழுவில் நம் வெள்ளை வவ்வாலின் குடும்பம் இருக்கிறது. நீளமாக வெள்ளி நாடா போல இருக்கும் வாளையின் குடும்பமும் இருக்கிறது. ஆக வஞ்சிரத்துக்கும் வாளைக்கும் வெள்ளை வவ்வால் உறவு.

கருப்பு வவ்வாலோ பாறை மீன் குடும்பம். உடற்கூற்றை வைத்தே அதை அந்தக் குடும்பத்தில் சேர்த்திருந்தார்கள். டிஎன்ஏவும் அதையே சொல்கிறது. பாறைகள் சேரும் பெருங்கிளையில் கொடுவா, ஷீலா, நாக்கு மீன், மயில் கோலா எல்லாம் வருகின்றன. மயில் கோலாவைப் பார்த்தால் யாரும் சூரையின் பங்காளி என்றுதான் சொல்வார்கள். இரண்டும் திறந்த கடலில் அதிவேகமாக நீந்துபவை, இரண்டும் உடலின் சில பகுதிகளைச் சுற்றியுள்ள நீரைவிடச் சூடாக வைத்துக்கொள்பவை. ஆனால் 2010இல் மைட்டோகாண்ட்ரிய, உட்கரு மரபணுக்கள் இரண்டையும் சேர்த்துப் பார்த்த ஆய்வு, மயில் கோலா வகைகள் சேற்றில் படுத்துக்கிடக்கும் நாக்கு மீன் வகைகளுக்கும் பாறைகளுக்கும்தான் நெருக்கம் என்றது. சூடான உடல் இரு கிளைகளிலும் தனித்தனியாகத் தோன்றியது என்பது அதன் பொருள். இந்தப் பெருங்கிளைக்குள் யாருக்கு யார் மிக நெருக்கம் என்பதில் விவாதம் நீடிக்கிறது. கிளை குறுகிய காலத்தில் வெடித்துப் பிரிந்ததால் அப்படி.

மரபணுக்களின் எழுத்துகள் மட்டும்தான் பயன்படுமா?

இல்லை. 37 மரபணுக்களும் வளையத்தில் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன என்பதும் பயன்படும். எழுத்து மாறுவது அடிக்கடி நடக்கும். ஒரு மரபணு இடம் பெயர்வது அபூர்வம். அதே மரபணு அதே இடத்துக்கு இரண்டு முறை தற்செயலாகப் பெயர்வது அதைவிட அபூர்வம்.

1998இல் வந்த ஒரு முடிவைச் சொல்கிறேன். பூச்சிகள் பூரான், மரவட்டைகளுக்குத்தான் நெருக்கம் என்று நெடுங்காலம் பாடப்புத்தகங்களில் இருந்தது. பூச்சிகளிலும், இறால், நண்டு அடங்கிய ஓட்டுடலிகளிலும், லூசின் அமினோ அமிலத்துக்கான ஒரு கடத்து ஆர்என்ஏ மரபணு, சிஓஐ மரபணுவுக்கும் சிஓ2 மரபணுவுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. பூரான் வகைகளிலோ குதிரைலாட நண்டிலோ அது அங்கே இல்லை. அந்த ஒற்றை இடப்பெயர்ச்சி சொல்வது இதுதான்: கரப்பான் பூச்சிக்குப் பூரானைவிட இறால் நெருங்கிய சொந்தம். பின்னால் வந்த பெரிய உட்கரு ஆய்வுகளும் இதை உறுதிப்படுத்தின.

வளையமே உடைந்துபோன உயிர்களும் உண்டு. மனிதர்களின் உடல் பேனில் அது ஒரே வளையமாக இல்லாமல் பல குட்டி வளையங்களாகப் பிரிந்திருப்பது 2009இல் தெரிந்தது. வலையில் ஏறும் சொறி (ஜெல்லி மீன்) வகைகளில் அது வளையமே அல்ல, நீளக் கோடு.

மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டும் என்பதால் என்ன சிக்கல் வரும்?

நம் ஊர்களில் உள்ள கலப்பினப் பசுவை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டுப் பசுவுக்கு ஜெர்சி விந்து ஊசி போட்டுப் பிறந்த கன்று, அதற்கு மறுபடி ஜெர்சி, அதன் கன்றுக்கும் ஜெர்சி என்று போனால், நான்கைந்து தலைமுறையில் உட்கரு டிஎன்ஏ பெரும்பாலும் ஜெர்சியாகிவிடும். பார்க்கவும் ஜெர்சி போலத்தான் இருக்கும். ஆனால் அதன் மைட்டோகாண்ட்ரிய வளையம் அப்படியே நாட்டுப் பசுவினுடையது. வளையத்தை மட்டும் படிப்பவர் அதைத் திமில் மாடு என்று எழுதுவார்.

ஆப்பிரிக்காவில் இதே கதை தலைகீழாக நடந்திருப்பது 1994இல் வெளிவந்தது. அங்குள்ள திமில் மாடுகளின் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ, திமில் இல்லாத மாட்டு இனத்தினுடையதாக இருந்தது. ஆசியாவிலிருந்து போன காளைகளை உள்ளூர்ப் பசுக்களோடு சேர்த்திருக்கிறார்கள். திமில் தந்தை வழி வந்தது, வளையம் தாய் வழி நின்றது. இந்திய மாட்டின் வளையமும் ஐரோப்பிய மாட்டினுடையதும் பிரிந்த காலம், மனிதன் மாடு வளர்க்கத் தொடங்கியதற்கு மிக முந்தையது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. அதாவது மாடு குறைந்தது இரண்டு இடங்களில் தனித்தனியாகப் பழக்கப்பட்டிருக்க வேண்டும்.

மைட்டோகாண்ட்ரிய மரமும் உட்கரு மரமும் வேறு வேறாக வந்தால் எதை நம்புவது?

இனங்களின் வரலாறு என்று கேட்டால் உட்கரு மரத்துக்கே என் வாக்கு. அதில் ஆயிரக்கணக்கான மரபணுக்களின் தனித்தனி வரலாறுகள் இருக்கின்றன. வளையத்தில் எத்தனை மரபணு இருந்தாலும் அவை எல்லாம் ஒன்றாகவே கடத்தப்படுவதால், வரலாறு என்ற கணக்கில் ஒன்றுதான்.

ஆனால் முரண்பாட்டைத் தூக்கி எறியக் கூடாது, அதில்தான் கதை இருக்கும். சைபீரியாவின் டெனிசோவா குகையில் கிடைத்த ஆதிமனிதர் ஒருவரின் விரல் எலும்பின் மைட்டோகாண்ட்ரியத் தொகுதி 2010இல் வெளியானது. அந்தக் கோடு நம்மிடமிருந்தும், அழிந்துபோன இன்னொரு மனித வகையான நியாண்டர்தாலிடமிருந்தும் சுமார் 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்திருந்தது. அதே ஆண்டு இறுதியில் வந்த உட்கருத் தொகுதியோ, அந்த எலும்புக்குரிய டெனிசோவர்கள் நியாண்டர்தாலுக்குத்தான் மிக நெருங்கியவர்கள் என்றது. முரண்பாட்டைத் தொடர்ந்து தோண்டியதில் உருவான விளக்கம்: நம் மூதாதையர் கிளையோடு ஏற்பட்ட பழைய கலப்பில், நியாண்டர்தால்களின் பழைய வளையம் போய் நம் கிளையின் வளையம் அவர்களிடம் நிலைத்துவிட்டது. உட்கருவை மட்டும் படித்திருந்தால் அந்தக் கலப்பு இவ்வளவு எளிதாகக் கண்ணில் பட்டிருக்காது.

முழு வளையத்தையும் படித்த பிறகும் மரம் தவறாக வருமா?

வரும், அதுவும் மிகுந்த உறுதியோடு வரும். 1996இல் 'கினிப்பன்றி கொறிவிலங்கு அல்ல' என்று முழுத் தொகுதிகளை வைத்து ஒரு புகழ்பெற்ற இதழில் கட்டுரை வந்தது. பின்னால் அதிக இனங்களையும் உட்கரு மரபணுக்களையும் சேர்த்ததும் கினிப்பன்றி கொறிவிலங்குகளுக்குள்ளேயே திரும்பி வந்துவிட்டது.

காரணங்கள் இரண்டு மூன்று. வேகமாக மாறும் டிஎன்ஏவில், ஒரே சிலேட்டில் எழுதி எழுதி அழித்தால் முதலில் எழுதியது தெரியாமல் போவது போல, பழைய மாற்றங்கள் புதிய மாற்றங்களால் மறைந்துவிடும். ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்து மும்மைக் குறியின் மூன்றாம் எழுத்தில் இது மோசம். அப்புறம், வேகமாக மாறிய இரண்டு கிளைகள் உறவே இல்லாவிட்டாலும் மரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எழுத்துகளின் விகிதமும் ஏமாற்றும்: தேனீக்களின் வளையத்தில் ஏ, டி எழுத்துகள் அளவுக்கு மீறி இருக்கும், அதேபோல் ஏ, டி மிகுந்த இன்னொரு பூச்சி, சம்பந்தமில்லாமல் பக்கத்தில் வந்து நிற்கும்.

செய்ய வேண்டியது என்ன? இனங்களைக் கூட்டுங்கள். மூன்றாம் எழுத்தை நீக்கி ஒரு முறை, வைத்து ஒரு முறை மரம் வரையுங்கள். ஒப்பீட்டுக்காக வெளியிலிருந்து சேர்க்கும் புறக்குழுவை மாற்றிப் பாருங்கள். மூன்றிலும் நிற்கும் கிளையைப் பற்றி மட்டும் உரக்கப் பேசுங்கள்.

இந்தச் சோதனைகளைத் தாண்டி நின்ற முடிவுகள் நிறைய. திமிங்கிலத்துக்கு நீர்யானை நெருங்கிய உறவு என்பதற்கும், நம் கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமை உட்பட ஆமைகள் பல்லி பாம்புகளைவிட முதலைக்கும் பறவைக்கும் நெருங்கியவை என்பதற்கும் 1998இல் வந்த மைட்டோகாண்ட்ரியத் தொகுதி ஆய்வுகள் வலுவான ஆதாரம் தந்தன. உட்கரு ஆய்வுகளிலும் அவை நின்றுவிட்டன.

நம் பகுதிக்கு இதனால் நேரடிப் பயன் உண்டா?

பிச்சாவரத்துச் சேற்று நண்டைக் கேளுங்கள். ஸ்கில்லா என்ற அந்தப் பேரினத்தில் எல்லாமே ஒரே இனமா, பல இனங்களா என்ற குழப்பம் நெடுநாள் ஓடியது. 1998இல் உடல் அடையாளங்களோடு புரத, மைட்டோகாண்ட்ரிய ஆதாரங்களையும் சேர்த்து நான்கு இனங்கள் என்று தீர்த்தார்கள். அதில் ஒன்றின் பெயர் ட்ராங்குபாரிகா. நமக்குத் தெற்கே இருக்கும் தரங்கம்பாடியின் பெயரில் 1798இல் டென்மார்க் விலங்கியலாளர் ஃபாப்ரிசியஸ் வைத்தது.

இந்தியாவில் பெரிய நண்டை ட்ராங்குபாரிகா என்றும் சிறியதை செர்ராட்டா என்றும் எழுதிவந்தார்கள். மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவின் எழுத்து வரிசைகளை ஒப்பிட்டபோது, பெரியதுதான் செர்ராட்டா, சிறியது ஒலிவேசியா என்று தெரிந்தது. பழைய ஆய்வேடுகளில் 'செர்ராட்டா இவ்வளவு வளரும், இத்தனை மாதத்தில் முதிரும்' என்று இருப்பதைப் படிக்கும்போது, அது எந்த நண்டின் கணக்கு என்று முதலில் கேட்க வேண்டும். நண்டுக் குஞ்சு வாங்கிக் குளத்தில் விடுபவருக்கு இது பணம் சம்பந்தப்பட்ட விஷயம்.

இன்னொன்றும் உண்டு. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரித் தாவரவியல் தோட்டத்தில் பணியாற்றிய லெஷனோ இங்கிருந்து பாரிஸுக்கு அனுப்பிய மீன்களை வைத்துப் பிரெஞ்சு விலங்கியலாளர்கள் குவியேவும் வலென்சியனும் பல இனங்களை விவரித்தார்கள். ஒரு பெயர் எந்த ஊர் மீனுக்கு வைக்கப்பட்டதோ, அந்த ஊர்க் கரையில் எடுத்த மாதிரியின் வரிசைதான் பெயர்த் தகராறுகளைத் தீர்க்கும். அந்த வாய்ப்பு நம் வாசலில் கிடக்கிறது.

'பத்து லட்சம் ஆண்டுக்கு 2 சதவீதம்' என்று வைத்துக் காலம் கணக்கிடலாமா?

கூடாது. இரண்டு இனங்களின் வளையம் இந்த வேகத்தில் விலகும் என்ற அந்த எண், 1979இல் குரங்கினங்களின் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவை ஒப்பிட்டதிலிருந்து பரவியது. சுறாக்களின் வளையம் பாலூட்டிகளுடையதைவிட ஏழெட்டு மடங்கு மெதுவாக மாறுகிறது என்று 1992இல் காட்டினார்கள். பவளங்களில் இன்னும் மந்தம். அங்கே சிஓஐ பார்கோடு இனங்களைப் பிரிக்கவே திணறும். உங்கள் விலங்குக்கு நெருங்கிய தொல்லெச்சமோ, நிலவியல் நிகழ்வோ கொண்டு வேகத்தை அளந்துவிட்டுத்தான் ஆண்டு சொல்ல வேண்டும்.

என் பூர்வீகத்தை இது சொல்லுமா?

உங்கள் அம்மாவின் அம்மாவின் அம்மா என்று போகும் ஒரே கோட்டை மட்டும் சொல்லும். பத்துத் தலைமுறைக்கு முன் உங்களுக்கு 1,024 முன்னோர் இடங்கள். வளையம் அதில் ஒருவரிடமிருந்து வந்தது. சாதி, குலம் பற்றிய எந்த வாதத்தையும் அதன் மேல் கட்டாதீர்கள்.

ஆய்வகத்தில் மாணவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

முதலாவது, மாதிரி. கல்லூரி அருங்காட்சியகக் குடுவைகளில் உள்ளவை பெரும்பாலும் ஃபார்மலினில் கிடப்பவை. அதில் டிஎன்ஏ சிதைந்திருக்கும். புதிய மீனின் தசையோ துடுப்பு நுனியோ, நண்டின் ஒரு கால் துண்டோ 95 சதவீத எத்தனாலில் போட வேண்டும். மீதி உடலை எண் கட்டிப் பாதுகாக்க வேண்டும். உடல் இல்லாத வரிசையைப் பின்னால் யாரும் சரிபார்க்க முடியாது.

இரண்டாவது, போலிப் படிகள். பரிணாமத்தில் வளையத்தின் துண்டுகள் உட்கருவுக்குள் போய் ஒட்டியிருக்கின்றன. வீட்டுப் பூனையில் ஏறக்குறைய 7,900 கார இணை நீளத் துண்டு அப்படிக் கிடப்பதை 1994இல் கண்டார்கள். டிஎன்ஏவைப் படியெடுத்துப் பெருக்கும் பிசிஆரில் அது பெருகிவிட்டால் தவறான வரிசை கிடைக்கும். புரதம் இங்கே முடிகிறது என்று சொல்லும் நிறுத்தக் குறி புரத மரபணுவின் நடுவில் வந்தால் சந்தேகப்படுங்கள்.

அதற்கு முன், மும்மைக் குறிகளை அமினோ அமிலங்களாக மொழிபெயர்க்கச் சரியான எண்ணுள்ள குறியீட்டு அட்டவணையைப் போட்டீர்களா என்று பாருங்கள். முதுகெலும்பிகளுக்கு 2, பெரும்பாலான முதுகெலும்பற்றவற்றுக்கு 5. நண்டு வரிசையை 2இல் மொழிபெயர்த்துவிட்டு நிறுத்தக் குறி வருகிறதே என்று மிரள வேண்டாம். ஏஜிஏ என்ற மும்மைக் குறி நண்டில் செரின் அமினோ அமிலம், மீனில் அது எந்த அமினோ அமிலத்துக்கும் உரியதல்ல.

அனுமதி ஏதாவது வாங்க வேண்டுமா?

ஏலத்தில் விற்கும் சாதாரண மீனுக்கு வேண்டாம். கடல் ஆமை, கடற்குதிரை, கடலட்டை, பவளம், திமிங்கிலச் சுறா, சில திருக்கை, சுறா இனங்கள் எல்லாம் 1972ஆம் ஆண்டு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. தேவனாம்பட்டினம் கரையில் செத்து ஒதுங்கிய ஆமையாக இருந்தாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு துளித் தசை எடுக்கக் கூடாது. மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதென்றால் சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளை முதலில் படியுங்கள்.

எந்த விலங்கை எடுக்கட்டும்?

வஞ்சிரத்தையும் மத்தியையும் விட்டுவிடுங்கள், அவற்றுக்கு ஆள் இருக்கிறார்கள். படகின் அடியில் ஒட்டும் கொட்டலசு, மீனின் செவுளில் தொற்றும் மீன் பேன், வெள்ளாற்று முகத்துவாரத்தின் சேற்றுப் புழுக்கள் போன்றவற்றைக் கவனிப்பவர்கள் குறைவு. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் அந்த முகத்துவாரத்திலேயே இருக்கிறது; உடல் அடையாளம் பார்த்து இனம் சொல்லத் தெரிந்தவரை அங்கே போய்ப் பார்த்து, மாதிரி எடுக்கும் முன்பே பேசுங்கள். டிஎன்ஏ வரிசைகளின் பொதுத் தரவுத்தளமான ஜென்பேங்கில் உங்கள் விலங்கின் குடும்பத்துக்கு ஏற்கெனவே எத்தனை முழு வளையங்கள் இருக்கின்றன, அவை எந்தக் கடலிலிருந்து எடுத்தவை என்று ஒரு பட்டியல் போட்டு எடுத்துக்கொண்டு போனால், முதல் சந்திப்பிலேயே தலைப்பு முடிவாகிவிடும்.